பனிப் பள்ளங்களும் இளந்தேயிலையும்

சமவெளியிலுள்ள குடியானவர் மார்கழிப் பனியைக் கண்டு பெரும்பாலும் அஞ்சுவதில்லை. விடியற்காலையில் பயிரின்மேல் நிற்கும் நீர்த்துளிகள் வெயில் ஏறியவுடன் மறைந்துவிடும். நீலகிரி ஜில்லாவின் குடியானவருக்கோ பனி இரண்டு வகைப்பட்டது. ஐப்பசி, கார்த்திகையில் காண்பது நீர்ப்பனி. அதனால் செடிக்குக் கேடில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கியபின் வருவது உறைபனி. நவம்பர் மாதக் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையில் அது எந்த இரவிலும் வரலாம். அத்தகைய இரவு கழிந்த காலையில் பள்ளத்தாக்குகளின் அடிநிலம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்திருக்கும். அன்று பிற்பகலுக்குள் தேயிலைக் கொழுந்து வாடித் துவளும். இரண்டு மூன்று நாட்களில் தீயிற்பட்டதுபோலக் கருகிவிடும். வளர்ந்த செடிக்கு இதனால் சில மாதங்களின் கொழுந்து நஷ்டமாகும். நட்டு ஓரிரண்டு வருஷங்களே ஆன இளஞ்செடிக்கோ உயிரே போய்விடலாம். கடன் வாங்கிக் கன்று நட்டவர் அந்த வருஷத்து வரும்படியை மட்டுமன்று, அடுத்துவரும் பல வருஷங்களின் வரும்படியையும் இழந்து நிற்பார்.

இந்தச் சேதத்தைப்பற்றி மலைக் கிராமங்களில் வழங்கும் பொதுவான அபிப்பிராயம், பனி வானத்திலிருந்து விழுகின்றது, விழும்போது செடியை எதைக்கொண்டாவது போர்த்துவதே வழி, அதற்கும் மிஞ்சினால் தலைவிதி என்பதாகும். இது சரியான அபிப்பிராயமன்று. உறைபனி விழுவதில்லை; நிலத்தின் அமைப்புக்கேற்ப அந்தந்த இடத்திலேயே உண்டாகின்றது. சேதத்தின் பெரும்பகுதி செடியை எங்கே நடுவது என்று தீர்மானித்த நாளிலேயே நிச்சயமாகிவிடுகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி வேலிகளாலும் சுவர்களாலும் நேருகின்றது. போர்வையால் தடுக்கக்கூடியது அதற்கும் அப்பாற்பட்ட சிறு பகுதியே. ஆனால் குடியானவர்களுடைய பணமும் உழைப்பும் இந்த வரிசைக்கு நேர்மாறாகச் செலவாகிவருகின்றன.

உறைபனி உண்டாகும் விதத்தை அறிந்தால் இது விளங்கும். பகலில் வெயிலால் சூடேறிய பூமி, இரவில் அந்த உஷ்ணத்தைக் கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டேயிருக்கின்றது. மேகம் கவிந்திருந்தால் அதிற் பெரும்பகுதி திரும்பிவரும். தெளிந்த வானத்தில் அது போயே விடும். ஆகவே நிலமும், நிலத்தை ஒட்டிய இலைகளும், அவற்றைத் தொட்ட காற்றும் குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமுள்ளது. அது நீரைப்போலவே சரிவின் வழியாக மெதுவாக இறங்கிப் பள்ளத்தை நாடுகின்றது. வெளியேற வழியில்லாத இடத்தில் குளம்போல் தேங்குகின்றது. இதனால்தான் உயரமான மேட்டில் பனியில்லாதிருக்க, அதற்குக் கீழேயுள்ள பள்ளத்தில் எல்லாம் வெளுத்துப்போகின்றது. உயரம் ஏற ஏறக் குளிர் மிகும் என்னும் பொது விதி இத்தகைய இரவுகளில் தலைகீழாகின்றது. நடுச்சரிவில் உள்ள தோட்டமே இவ்விஷயத்தில் பாக்கியம் பெற்றது.

இங்கே வெப்பமானியைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உதகமண்டலத்தில் இன்று குறைந்தபட்ச உஷ்ணம் 3 டிகிரி என்று பத்திரிகையில் கண்டவுடன், பூஜ்யத்திற்கு மேலேதானே இருக்கின்றது என்று பலர் ஆறுதலடைகின்றனர். அந்த அளவு நிலத்திலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள் வைத்த கருவியிலிருந்து எடுக்கப்படுவது. அதே நேரத்தில் புல்மட்டத்தில் உஷ்ணம் அதைவிடப் பல டிகிரிகள் தாழ்ந்து நீர் உறையும் நிலையை எட்டியிருக்கக்கூடும். முழங்காலுக்குக் கீழே நிற்கும் ஒரு வருஷத்துக் கன்றுக்குப் பத்திரிகையின் கணக்கு உதவாது. சொற்ப விலையுள்ள வெப்பமானி ஒன்றை வாங்கித் தோட்டத்தின் மிகத் தாழ்ந்த மூலையில், கன்றின் உயரத்தில், குச்சியில் கட்டிவைத்துப் பார்ப்பவருக்கே தம்முடைய நிலத்தின் உண்மை தெரியும்.

நீலகிரியில் தேயிலை புதிய பயிரன்று. 1830-க்கும் 1840-க்கும் இடைப்பட்ட வருஷங்களிலேயே கேத்தியிலிருந்த சர்க்கார் பரிசோதனைத் தோட்டத்தில் தேயிலைக் கன்றுகள் வைத்துப் பார்க்கப்பட்டன. ஆரம்ப காலத்துத் தோட்டங்களில் இடம்பெற்ற சீன ஜாதி, இலை சிறுத்து, குளிரைப் பொறுக்கும் தன்மை மிக்கது. விளைச்சலை உத்தேசித்துப் பின்னர் பரவிய அகன்ற இலையுடைய அஸ்ஸாம் ஜாதிக்கும் அதன் கலப்புகளுக்கும் அந்தப் பொறுமை குறைவு. அக்காலத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் சரிவுகளிலேயே அமைந்தன. பள்ளத்தாக்கின் அடிநிலம் புல்லாகவும் சதுப்பாகவும் கிடந்தது. நிலத்தின் தேவை பெருகப் பெருகச் சிறு குடியானவர்கள் அடிநிலத்திலும் தேயிலை வைக்கலாயினர். நீர் அருகில் இருப்பதும், மண் கறுத்து வளமாயிருப்பதும் மனத்தைக் கவர்வன, அதிற் குற்றமில்லை. ஆயினும் சரிவில் நின்று பிழைக்கும் கன்று, 100 அடி கீழே பனி தேங்கும் பள்ளத்தில் ஒவ்வொரு தை மாதமும் கருகுகின்றதென்றால், அவ்விடத்தில் மூன்றாம் முறையும் தேயிலையையே வைத்து நிரப்புவது விவேகமன்று. அப்பள்ளத்தைக் கால்நடைகளின் தீவனப்புல்லுக்கு விடலாம். பனிக்காலம் தாண்டி விதைத்து அடுத்த பனிக்கு முன் எடுத்துவிடக்கூடிய காய்கறிகளுக்கும் விடலாம். நர்சரிக்காரர் எந்த ஜாதியைக் கொடுக்கின்றார் என்று கேட்பதைப்போலவே, தம்முடைய நிலத்தில் பனி எங்கே தங்குகின்றது என்று குடியானவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குளிர், பனி இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் இருப்பதால் இதையும் கூறுவது தகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையில் கொழுந்து மெதுவாக வளர்வதனாலேயே நீலகிரியின் குளிர்காலத் தேயிலைக்கு விசேஷ மணமும் நல்ல விலையும் கிடைக்கின்றன. குளிர் விரோதியன்று. இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, உயிரணுக்களிலிருந்து ஈரத்தை இழுத்து அவற்றைச் சிதைக்கும் அந்தச் சில மணி நேரமே விரோதி.

இரண்டாவது விஷயம் தடைகள். குளிர்காற்று நீரைப்போல் இறங்குமென்றால், சரிவின் குறுக்கே அடர்த்தியாக வளர்த்த வேலி ஓர் அணைக்கட்டாகும். அதன் மேற்புறத்தில் பனி தேங்கும். சாலைக்காக உயர்த்திய மண்மேடு, தோட்டத்தின் கீழெல்லையில் எழுப்பிய கற்சுவர், புதிதாகக் கட்டப்படும் விடுதியின் மதில் யாவும் இவ்வாறே. முப்பது வருஷங்களாகப் பனி காணாத தோட்டம் திடீரென்று கருகத் தொடங்கினால் வானத்தை நோவதற்கு முன் கீழ்ப்புறத்தில் அண்மையில் என்ன எழுந்தது என்று பார்த்தல் நலம். வேலியை அடியோடு வெட்ட வேண்டியதில்லை. தாழ்ந்த மூலையில் சில அடி அகலத்திற்கு வழி திறந்து, வேலிச்செடிகளின் அடிக்கிளைகளை நீக்கிவிட்டாற் போதும். இரவில் குளிர்காற்று அதன் வழியே வடிந்துபோகும். இதற்கு மாறாகத் தோட்டத்தின் மேலெல்லையில் அடர்ந்த வேலியிருப்பது நன்மையே. மேலிருந்து வரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும்.

ஆனால் ஒருவர் தோட்டத்திலிருந்து வடிந்த குளிர் அடுத்தவர் தோட்டத்தில் தேங்குவதும் உண்டு. மழைநீர் வடிகாலைப்பற்றி எத்தனை வழக்குகள் எழுந்து தீர்ந்திருக்கின்றன என்பது கிராம அதிகாரிகளுக்குத் தெரியும். குளிர்காற்றின் வடிகால் கண்ணுக்குத் தெரியாததனால் அதைப்பற்றி வழக்கும் இல்லை, ஏற்பாடும் இல்லை. ஒரு பள்ளத்தாக்கைச் சேர்ந்த நிலச்சொந்தக்காரர்கள் கூடி, ஓடைவரையில் தொடர்ச்சியாக வழி விட்டாலன்றித் தனியொருவர் செய்வது முழுப்பயன் தராது. கிராமத்து மூப்பர்களும் ஊராட்சியும் தலையிடத்தக்க காரியம் இது. செலவும் இரண்டொரு நாள் வேலைதான்.

இனி போர்வை. மனிதன் கம்பளி போர்த்துக்கொள்வதைப் பார்த்துச் செடிக்கும் அவ்வாறே செய்கின்றனர். மனித உடலில் உஷ்ணம் உண்டாகிக்கொண்டேயிருக்கின்றது. கம்பளி அதைக் காத்து வைக்கின்றது. செடியிலோ அப்படிக் காக்கத்தக்க உஷ்ணம் ஏதுமில்லை. காக்கவேண்டியது அதன் அடியிலுள்ள மண்ணின் உஷ்ணத்தையே. கன்றின் தலையைச் சாக்கால் சுற்றித் தண்டோடு சேர்த்துக் கட்டிவைப்பவர், மண்ணின் உஷ்ணம் செடிக்கு வரும் வழியைத் தாமே அடைத்துவிடுகின்றார். போர்வை கூடாரம்போல் அமைந்து, அதன் ஓரங்கள் தரையைத் தொட்டிருக்க வேண்டும். இலையை அது தொடக்கூடாது. தொட்ட இலை, போர்வையின் குளிரையே பெற்றுக் கருகும். நான்கு குச்சிகளை நட்டு அவற்றின்மேல் சாக்கையோ பழைய துணியையோ விரிப்பது போதுமானது. பொழுது சாய்வதற்கு முன்பே மூடவேண்டும். இரவு எட்டு மணிக்குமேல் நினைவு வந்து மூடுபவர், பகல் சேமித்த உஷ்ணத்தில் நல்ல பங்கு போனபின் கதவைச் சாத்துகின்றார். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிடில் மண் மறுபடி சூடேறாது. மெல்லிய பாலிதீன் தாளை இந்த வேலைக்கு நம்புவது தவறு. அது காற்றைத் தடுக்குமேயன்றி மண்ணிலிருந்து எழும் உஷ்ணக் கதிர்களைப் பெரும்பாலும் தன்னூடே விட்டுவிடும்.

தினமும் மூடித் திறக்க ஆளில்லாதவர்களுக்கு, உதகமண்டலம் தாவரவியல் பூங்காவில் பனிக்காலந்தோறும் கையாளப்படும் முறை உகந்தது. அங்கே மலர்ச்செடிகளின்மேல் காய்ந்த மிலாறுகளை, அதாவது மெல்லிய கிளைகளையும் விளார்களையும், கூரைபோல் சாய்த்து வைக்கின்றனர். பார்ப்பதற்கு இது எளிய வேலை. ஆனால் இதிலுள்ள யுக்தி பெரிது. மிலாறுகளின் இடைவெளி வழியாகப் பகலில் வெளிச்சமும் சூடும் மண்ணை அடைகின்றன. இரவில் செடிக்கும் வானத்துக்கும் நடுவே அவை மறைப்பாக நிற்கின்றன. உறைபனி மிலாறுகளின்மேல் படியும். அடியிலுள்ள தளிர் தப்பும். பருவம் முழுவதும் எடுக்காமலே விடலாம். தேயிலை நாற்றங்காலுக்கும் முதல் வருஷக் கன்றுகளுக்கும் பெரணித் தழையையோ மிலாறுகளையோ இவ்விதம் வைத்தால் காசு செலவில்லை. வெட்டிச் சேர்க்கும் கூலி ஒன்றே செலவு. கன்றுகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எல்லாவற்றையும் மூட முற்படவேண்டாம். பனி தேங்கும் மூலையிலுள்ள வரிசைகளை மட்டும் மூடினாற் போதும். அந்த வரிசைகள் எவை என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

மண்ணின் நிலையைப்பற்றி விவசாயத் துறையின் பொதுவான போதனைக்கு ஒரு விலக்குச் சொல்ல வேண்டியிருக்கின்றது. இளந்தேயிலையின் அடியில் தழை மூடாக்கு இடுவது கோடை வறட்சிக்கு நல்லது, அதில் ஐயமில்லை. ஆயினும் பனிப் பள்ளத்தில், பனிக்காலத்தில், அதே மூடாக்குக் கேடு செய்யும். பகலில் வெயில் மண்ணுக்குள் இறங்காமலும், இரவில் மண்ணின் உஷ்ணம் கன்றை எட்டாமலும் அது தடுத்துவிடும். மூடாக்கின் மேற்பரப்பு வெற்று மண்ணைவிட அதிகமாகக் குளிரும். உயர்ந்து நிற்கும் களையும் புல்லும் இவ்வாறே. ஆகையால் இத்தகைய இடங்களில் நவம்பரில் களையை நீக்கி, மூடாக்கைக் கன்றைவிட்டு விலக்கி வரிசைகளின் நடுவே குவித்துவைத்து, பிப்ரவரி கழிந்தபின் திரும்பப் பரப்புவது சரியான முறையாகும். மண் கெட்டியாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். கொத்திப் புரட்டிய காய்ந்த மண்ணில் உஷ்ணம் தங்காது, ஈரமண்ணில் தங்கும். தண்ணீர் வசதியுள்ளவர்கள் பனி எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தின நாள் பாய்ச்சி வைப்பது மிகுந்த பயன் தரும்.

புகை போடுவது பழைய வழக்கம். ஈரச்சருகை எரித்துப் பள்ளத்தாக்கைப் புகையால் நிரப்பினால் பனி அண்டாது என்பது நம்பிக்கை. விவசாயப் புத்தகங்களும் இதை வெகுகாலம் சிபாரிசு செய்தன. புகையின் துகள்கள் மிகவும் நுண்ணியவை. நிலத்திலிருந்து போகும் உஷ்ணக் கதிர்களைத் தடுக்க அவற்றால் இயலாது. நன்மை ஏதேனும் உண்டானால் அது நெருப்பின் சூட்டால்தான். அதுவும் பெருந்தீயால் அன்று. பெருந்தீ சூடான காற்றை மேலே அனுப்பிச் சுற்றிலுமுள்ள குளிர்காற்றை உள்ளே இழுக்கும். மேலும் காலைவரையில் தங்கும் புகை, இளவெயிலை மறைத்து மண் சூடேறுவதையும் தாமதப்படுத்தும். காட்டை ஒட்டிய கிராமங்களில் இதனால் வரும் தீ அபாயத்தையும் சேர்த்தெண்ணினால் இவ்வழக்கத்தைக் கைவிடுவதே மேல்.

நீர்த்தெளிப்பான் வைத்திருப்போர் பனியிரவில் செடிகளின்மேல் நீர் தெளிப்பதுண்டு. இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டு. ஒரு லிட்டர் நீர் உறையும்போது ஏறக்குறைய 80 கிலோ காலரி உஷ்ணத்தை வெளிவிடுகின்றது. ஆனால் அதே ஒரு லிட்டர் ஆவியாகும்போது ஏறக்குறைய 600 கிலோ காலரியை இழுத்துக்கொள்கின்றது. எனவே உஷ்ணம் பூஜ்யத்தை எட்டுவதற்கு முன்பே தொடங்கி, காலையில் பனிக்கட்டி உருகும்வரையில் விடாமல் தெளித்தால் செடி பிழைக்கும். நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோனாலோ, தொட்டி வற்றினாலோ, நனைந்த செடி நனையாத செடியைவிட மோசமாகக் கருகும். இரவு முழுவதும் நீரும் மின்சாரமும் நிச்சயமாக உள்ளவர்களைத் தவிர ஏனையோர் இதை நாடாதிருப்பது நன்று.

நிழல் மரங்களும் மிலாறுகளின் வேலையையே உயரத்திலிருந்து செய்கின்றன. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளைகளை விறகுக்காகவோ வெளிச்சத்துக்காகவோ பனிக்காலத்துக்குச் சற்று முன்னர் கழிப்பது சில இடங்களில் வழக்கமாயிருக்கின்றது. பனிப் பள்ளத்தில் அது கூரையைப் பிரித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதற்குச் சமானம். கவாத்தும் அவ்வாறே காலமறிந்து செய்யத்தக்கது. கவாத்துக்குப்பின் வரும் தளிர் டிசம்பர், ஜனவரியில் சிக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பருவக் கடைசியில் தழைச்சத்து உரத்தை அள்ளிப்போட்டு இளந்தளிரை வரவழைப்பதும் கூடாது.

எல்லாம் செய்தும் பனி பட்டுவிட்டால், கருகியதைக் கண்ட மறுநாளே அரிவாளை எடுப்பவர் பலர். அவசரம் வேண்டாம். கருகிய இலைகள் அசிங்கமாகத் தோன்றினும் அடியிலுள்ள தண்டுக்கு அவையே அடுத்த பனியிலிருந்து மறைப்பாகும். எதுவரையில் தண்டு செத்தது என்பதும் உடனே தெரியாது. பனிக்காலம் முற்றும் கழிந்தபின் கத்திமுனையால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பார்த்தால், உயிருள்ள இடத்தில் பச்சை தென்படும். செத்த இடம் பழுப்பாக இருக்கும். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டவேண்டும். இளங்கன்றில் தரையை ஒட்டிய கழுத்துப் பாகத்தைத் தனியே கவனிக்க வேண்டும். மிகக் கடுமையான குளிர் அங்கேதான் நிலவும். மேலே இலை பச்சையாயிருக்க, அடியில் பட்டை வெடித்துச் செத்த கன்றுகள் சில வாரங்கள் கழித்தே வாடத் தொடங்கும்.

இவ்விஷயம் நிவாரணக் கணக்கையும் நேரே பாதிக்கின்றது. மத்திய சர்க்காரின் பேரிடர் நிவாரண விதிகளில் உறைபனியும் குளிரலையும் சேர்ந்துள்ளன. உதவி பெறுவதற்குரிய பயிர்ச்சேதத்தின் கீழெல்லை, நூற்றுக்கு 50 என்றிருந்தது 2015-ஆம் வருஷத்தில் 33 என்று குறைக்கப்பட்டது. நூற்றுக்கு 33 என்பதை எந்த நாளில், எதைப் பார்த்து அளப்பது என்பதே கேள்வி. பனி பட்ட வாரத்தில் பார்வையிட்டால், இலை மட்டும் கருகி மூன்று மாதத்தில் தளிர்க்கப்போகும் முதிர்ந்த தோட்டம் முழு நாசமாகத் தோன்றும். கழுத்தில் வெடித்த கன்றுத் தோட்டமோ அதிக சேதமின்றித் தோன்றும். கெட்டவருக்குக் கிடைக்காமல், தப்பியவருக்குக் கிடைப்பதற்கு இதுவே காரணமாகிவிடலாம். ஆகையால் கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலை அலுவலரும் முதல் வாரத்தில் ஒருமுறை கண்டு குறித்துக்கொண்டு, ஆறு அல்லது எட்டு வாரங்கள் சென்றபின் மறுமுறை பட்டையைச் சுரண்டிப் பார்த்து இளந்தோட்டங்களின் கணக்கை முடிப்பது நியாயமாகும். அதிகாரிகளுக்கு இது இரட்டை வேலைதான். ஆயினும் கன்று நட்டுப் பலன் காணக் காத்திருப்பவருக்கு அந்த இரண்டாவது பார்வையே மீண்டும் நடுவதற்கு முதலாகும்.

இவையனைத்துக்கும் அடிப்படையாக ஒவ்வொரு மலைக்கிராமத்திலும் பனி தேங்கும் இடங்களின் பதிவு ஒன்று இருத்தல் அவசியம். அதற்கு யந்திரமோ நிபுணரோ வேண்டியதில்லை. தெளிந்த வானமும் காற்றற்ற இரவும் கழிந்த காலையில் கிராம நிர்வாக அலுவலரும், நிலத்தை அறிந்த குடியானவர் இருவரும் பள்ளத்தாக்கை ஒருமுறை சுற்றிவந்து, வெளுத்துக் கிடக்கும் இடங்கள் எந்தெந்தச் சர்வே எண்களில் உள்ளன, வெளுப்பு எந்த வேலியில் அல்லது மதிலில் வந்து நிற்கின்றது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாற் போதும். மூன்று நான்கு காலைகள் இவ்வாறு சுற்றினால், எந்த நிலத்தில் தேயிலை வைக்கலாகாது, எந்த வரிசைக்கு மிலாறு தேவை, எந்த மூலையில் வழி திறக்கவேண்டும் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்திலிருந்தே தெரியும். கன்றுக்குக் கடன் கேட்டு வருபவருக்கும், புதிய மதிலுக்கு அனுமதி கேட்டு வருபவருக்கும் அதைக் காட்டலாம். காலை எட்டு மணிக்குள் சுற்றி முடிக்க வேண்டும். அதற்குமேல் வெயில் ஏறி, வெள்ளையெல்லாம் கரைந்து, எல்லா நிலமும் ஒன்றுபோலவே தோன்றும்.